வசனம் புரியலைன்னா குறை படத்துலயா, தியேட்டர்லயா, நம்ம டிவிலயா?

கல்மண்டபம்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சமீபத்துல பார்த்த படங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருது. ஒருத்தர் "பாதி வசனம் புரியலை, சவுண்டு மோசம்"னு எழுதுறார். அதே படத்தை வேற தியேட்டர்ல பார்த்தவர் "ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுச்சே"ங்கிறார். வீட்டுல பார்த்தவர் "வசனத்துக்காக வால்யூமை ஏத்தினா, சண்டை வந்ததும் ஓடிப்போய்க் குறைக்க வேண்டியிருக்கு"ங்கிறார். இந்த மூணையும் வெச்சு ஒரு படத்தோட ஒலியை நல்லதுன்னோ மோசம்னோ எப்படிச் சொல்றது?

எழுதுறதுக்கு முன்னாடி குறை எங்கேன்னு பிரிச்சுப் பார்க்க என்னென்ன சோதிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. விவரம் இதுதான்:

வீடு: 43 இஞ்ச் டிவி, சுவத்துல மாட்டினது. ரூம் 10க்கு 12 அடி, கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். 2.1 சவுண்ட்பார் (ரெண்டு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்குத் தனியா ஒரு சப்-ஊஃபர்), ஆப்டிகல் வயர்ல போட்டிருக்கு. ஃபேன் எப்பவும் 5-ல ஓடும். ராத்திரி முழுக்க ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி சத்தம் உண்டு. எழுபது வயசைத் தாண்டினவங்களும் கூட உட்கார்ந்து பார்ப்பாங்க, அவங்களுக்கு "சத்தம் கேட்குது, என்ன பேசுறான்னுதான் தெரியலை".

தியேட்டர்: குறிப்பா ஒரு ஸ்கிரீன்ல பாட்டு பளிச்சுனு இருக்கு, வசனம் மட்டும் மங்கல். எந்தப் படம் போட்டாலும் அப்படித்தான்.

இன்னொண்ணு. நம்ம வடசென்னைப் பேச்சுல வர்ற படங்களை மதுரை, கோவை நண்பர்கள் "புரியலை"ங்கிறாங்க. அதுவும் ஒலிக் குறையிலதான் சேருமா?

---

ஓம்ஸ் லா:

வீட்டுப் பக்கத்தை நான் சொல்றேன், தியேட்டரை ஆபரேட்டர் அண்ணன் யாராவது சொல்லட்டும்.

முதல்ல ஒரு தப்பெண்ணத்தைக் கழட்டி வெச்சிடலாம். "5.1 படத்தை (முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர்னு பிரிச்ச ஒலி) ரெண்டு ஸ்பீக்கர்ல போட்டா சென்டர்ல இருக்குற வசனம் குறைஞ்சுடும்"னு நிறைய பேர் சொல்றாங்க. சென்டர் சேனலை 3 டெசிபல் குறைச்சு இடதுக்கும் வலதுக்கும் சமமா அனுப்புறாங்க, அது நிஜம். ஆனா ரெண்டு ஸ்பீக்கர்லயும் அதே குரல் வர்றதால காதுக்கு வர்றப்போ அந்தக் குறை ஏறக்குறைய ஈடாகிடும். சிக்கல் வேற இடத்துல இருக்கு. தியேட்டர்ல வசனம் நடுவுல, இசை ரெண்டு பக்கம், கூட்டத்துச் சத்தம் முதுகுப் பக்கம்னு பிரிஞ்சு வரும். காது இடத்தை வெச்சுக் குரலைப் பிரிச்சு எடுத்துக்கும். வீட்டுல எல்லாமே கிட்டக் கிட்ட இருக்குற அதே ரெண்டு ஸ்பீக்கர் வழியா வருது. குரல் அங்கேயேதான் இருக்கு, மத்ததெல்லாம் வந்து அது மேல உட்கார்ந்துடுது.

அடுத்தது ஏற்ற இறக்கம். நெட்ஃப்ளிக்ஸ் கேட்கிற அளவை எடுத்துக்குங்க: வசனத்தோட சராசரி மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ். (டிஜிட்டல் ஒலியோட உச்ச வரம்பு 0, அதுலேருந்து எவ்வளவு கீழேன்னு சொல்ற உரப்பு அளவு), கூட குறைய 2. உச்சம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதாவது சாதாரணப் பேச்சுக்கும் வெடிச்சத்தத்தோட உச்சிக்கும் நடுவுல சுமார் 25 டெசிபல் இடம் இருக்கு. ஃபேன் வேகமா ஓடுற ரூம்ல யாரும் பேசாதப்பவே 50 டெசிபல் பக்கம் சத்தம் இருக்கும். அதைத் தாண்டி வசனம் தெளிவா வரணும்னா 65 வேணும். அப்படி வெச்சா சண்டைக் காட்சி 85-ஐத் தாண்டும். ராத்திரி 11 மணிக்கு அது முடியாத காரியம்னு வால்யூமைக் குறைப்பீங்க, வசனம் 55-க்கு இறங்கி ஃபேன் சத்தத்தோட கலந்துடும். படத்தை மிக்ஸ் பண்ணினவர் இதுல ஒண்ணும் தப்பு செய்யலை.

இப்போ வரிசையா சரிபாருங்க.

ஆப்புல ஆடியோ மெனுவைத் திறங்க. தமிழ், தமிழ் 5.1னு ரெண்டு இருந்தா வெறும் தமிழையே எடுங்க. 2.1 சவுண்ட்பாருக்கு ஸ்டீரியோதான் பொருத்தம். அப்புறம் டிவியில டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட்னு ஒரு இடம் இருக்கும், அதை பி.சி.எம்.ல (சுருக்காத சாதா டிஜிட்டல் ஒலி) வைங்க. ஆப்டிகல் வயர்ல ஸ்டீரியோ பி.சி.எம். போகும், பழைய டால்பி டிஜிட்டல் 5.1-ம் போகும். ஓ.டி.டி. இன்னைக்கு அனுப்புற டால்பி டிஜிட்டல் பிளஸ் அதுல போகாது, டிவி அதை உடைச்சு மாத்தித்தான் அனுப்பணும். உங்க பார்ல எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியோட ஒலியை எச்.டி.எம்.ஐ. வயர்லயே பாருக்கு அனுப்புற வழி) இருந்தா அதுக்கு மாறிடுங்க. டிவியில ஏ.ஆர்.சி.னு எழுதியிருக்குற ஒரே ஒரு துளையிலதான் சொருகணும், மெனுவுல சி.இ.சி. (டிவியும் பாரும் ஒண்ணையொண்ணு இயக்குற அமைப்பு) ஆன்ல இருக்கணும். பக்கத்துத் துளையில சொருகிட்டு "பார் ரிப்பேர்"னு தூக்கிட்டு வர்றவங்கதான் அதிகம்.

பார்ல விர்ச்சுவல் சரவுண்ட், 3டினு எது இருந்தாலும் அணைச்சிடுங்க. அது குரலோட இடத்தைக் கலைச்சு அகலமாக்கும். வசனத்துக்கு அதைவிடக் கெடுதல் வேற இல்லை. நைட் மோட் இருந்தா ஆன் பண்ணுங்க, உரத்த இடத்தை அமுக்கி மெதுவான இடத்தைத் தூக்கும். குரல் மோட், நியூஸ் மோட் படத்துக்கும் வேலை செய்யும், இசை கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்.

சப்-ஊஃபர் மூலையில இருந்தா முதல்ல வெளியே எடுங்க. சுவர் ரெண்டும் தரையும் சேர்ற இடத்துல பாஸ் வீங்கிடும். உங்க ரூம் 10 அடிப் பக்கத்துக்கு 56 ஹெர்ட்ஸ், 12 அடிப் பக்கத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் தானாவே கும்முனு எழும்பும். பறையும் பெரிய டிரம்மும் அடிக்கிற காட்சியில குரல் அமுங்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம், ஏன்னா கனமான தாழ்ந்த ஒலி தனக்கு மேல இருக்குற ஒலியை மறைக்கும். சப் அளவை ரெண்டு மூணு படி குறைங்க. ஈக்வலைசர் இருந்தா 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் குறைச்சு, 2,000-லேருந்து 4,000 வரைக்கும் 2, 3 டெசிபல் ஏத்துங்க. மெய்யெழுத்துங்க தெளிவாகுறது அந்த இடத்துலதான். 4 டெசிபலைத் தாண்டினா 'ச'வும் 'ஸ'வும் காதைக் குத்த ஆரம்பிக்கும்.

ரூமுக்கு நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கை தட்டிப் பாருங்க. "டொய்ங்"னு வால் இழுத்துச்சுன்னா எந்த சவுண்ட்பாரும் உங்களைக் காப்பாத்தாது. டைல்ஸ் தரையில பாய் விரிச்சா போதாது, அது ரொம்ப மெலிசு. உட்கார்ற இடத்துக்குப் பின் சுவத்துல தடிமனான ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுத் தொங்க விடுங்க. சுவத்தோட ஒட்டாம மூணு நாலு விரல் இடைவெளி விட்டா இன்னும் நல்லது. பஞ்சு மெத்தையை ஒரு பக்கச் சுவத்துல சாய்ச்சாலும் அதே வேலைதான். ஃபேனை 5-லேருந்து 3-க்கு இறக்குங்க. காசு செலவில்லாம கிடைக்குற தெளிவு இது.

பார் வெச்ச இடத்தையும் பாருங்க. மேசையில இருந்தா முன் விளிம்பு வரைக்கும் இழுத்து வைங்க. உள்ளே தள்ளி வெச்சா மேசைப் பரப்புல பட்டு வர்ற ஒலி நேரா வர்றதோட மோதும். அலமாரித் தட்டுக்குள்ள வெச்சீங்கன்னா குரல் டப்பாவுக்குள்ளேருந்து வரும்.

ஒரு விசித்திரமான கோளாறும் உண்டு, அதைப் படத்து மேல போட்டுடாதீங்க. இசை, பின்னணிச் சத்தம் எல்லாம் நல்லா கேட்டு, வசனம் மட்டும் ஏறக்குறைய காணாமப் போய், எங்கேயோ தூரத்து எதிரொலி மாதிரி கேட்டா, 3.5 மில்லிமீட்டர் ஜாக்கைப் பாருங்க. அது முழுசா உள்ளே போகாம இருந்தாலோ, உள்ளே எர்த் விட்டுப்போயிருந்தாலோ ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும். வசனம்தான் ரெண்டுக்கும் பொது. தனித்தனி ஸ்பீக்கர் வெச்சிருக்கிறவங்க ஒண்ணுல பிளஸ், மைனஸ் மாத்திக் கொடுத்தாலும் பாஸ் மெலிஞ்சு குரல் நடுவுல நிக்காம அலையும். சிவப்பு வயர் ரெண்டு பக்கமும் சிவப்புலயே இருக்கான்னு பார்த்தா போதும்.

---

ரெண்டாவது ஷோ:

தம்பி, பாட்டு பளிச், வசனம் மங்கல், எந்தப் படம் போட்டாலும் அப்படித்தான்னு சொன்னீங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு. திரைக்குப் பின்னாடி இடது, நடு, வலதுன்னு மூணு ஸ்பீக்கர் நிக்கும். ஒவ்வொண்ணுலயும் தாழ்ந்த ஒலிக்குக் கீழே பெரிய ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு மேலே ஹார்ன். நடு ஸ்பீக்கரோட ஹார்ன்ல இருக்குற டிரைவர் டயாஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்புற மெல்லிய தகடு) போயிடுச்சுன்னா குரல்ல 'ஓம்'னு ஒரு அடிச்சத்தம் மட்டும் வரும், எழுத்தோட ஓரம் வராது. பாட்டு பெரும்பாலும் இடம் வலமா பரவியிருக்குறதால அதுல குறை தெரியாது. அதனால பார்க்கிறவங்க "பாட்டெல்லாம் சூப்பர், வசனம்தான் சரியில்லை, டைரக்டர் கோட்டை விட்டுட்டார்"னு எழுதிடுறாங்க. அந்த டிரைவரோ, அதுக்குப் போற ஆம்பிளிஃபயரோ செத்துக் கிடக்குதுன்னு அவங்களுக்கு யார் சொல்றது?

உட்கார்ந்த இடத்துலேருந்தே இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கு. புகை பிடிக்கிற காட்சி வர்ற படத்துல ஆரம்பத்துலயும் இடைவேளைக்கு அப்புறமும் 30 விநாடி புகையிலை எச்சரிக்கைப் படம் போடணும்னு விதி. அந்தக் குரல் நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் குரலே மங்கலா வந்தா, இன்னும் படம் ஆரம்பிக்கலை, அப்போ குறை ஹாலோடது. எச்சரிக்கைக் குரல் தெளிவா வந்து, படத்துல ஒரு சில காட்சி மட்டும் மங்கினா அப்புறம் படத்தைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது ஃபேடர், அதாவது ஹாலோட வால்யூம் திருகு. டால்பி ப்ராசஸர்ல 7ங்கிறதுதான் மிக்ஸிங் தியேட்டரோட அளவு. அந்த நிலையில திரைப் பக்க ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல், சுவத்துல இருக்குற சரவுண்ட் ஸ்பீக்கர் ஒவ்வொரு பக்கமும் 82 டெசிபல் காட்டணும்னு கணக்கு. 4-க்கு மேலே இருக்குற எண்கள்ல ஒவ்வொரு எண் இறங்குறப்பவும் 3.3 டெசிபல் குறையும். 7-லேருந்து 5-க்கு வந்தா 6.7 டெசிபல் போச்சு. விளம்பரமும் டிரைலரும் கத்தும், ஜனங்க காதைப் பொத்துவாங்க, 5-க்கு இறக்குவாங்க. படம் தொடங்கினதும் மறுபடி ஏத்தலைன்னா மெதுவாப் பேசுற காட்சி முழுக்க ஏ.சி. சத்தத்துல அடங்கிடும். முதல் 10 நிமிஷம் பொறுத்துப் பாருங்க. ஏறலைன்னா எழுந்து போய்ச் சொல்லுங்க. "சவுண்டு சரியில்லை"னு சொன்னா யாரும் அசைய மாட்டாங்க. "விளம்பரத்துக்குக் குறைச்ச ஃபேடர் ஏறலை", "சென்டர்ல ஹை (உயர்ந்த ஒலி) வரலை", "வலது பக்கச் சரவுண்ட் கரகரங்குது"னு சொல்லிப் பாருங்க, ஆபரேட்டர் அறையில உடனே காது கொடுப்பாங்க.

உட்கார்ற இடம் ரொம்ப முக்கியம். திரைக்கும் பின் சுவத்துக்கும் நடுவுல மூணுல ரெண்டு பங்கு பின்னாடி, குறுக்கே நட்ட நடு. சுவர் ஓரம் உட்கார்ந்தா சரவுண்ட் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும். கூட்டம் கூச்சல் போடுற காட்சியில அது வசனத்தை விழுங்கிடும். பால்கனி இருக்குற பழைய ஹால்ல கீழே கடைசி வரிசைங்க பால்கனிக்கு அடியில வரும், அங்கே ஹை மங்கும், பாஸ் தேங்கும். டிக்கெட் எடுக்குறப்பவே அதை விட்டுடுங்க. காலி ஹாலும் நிரம்பின ஹாலும்கூட ஒண்ணு இல்லை, ஆள் நிறைய இருந்தா எதிரொலி குறையும்.

முதல் நாள் முதல் காட்சியை வெச்சு ஒலியைப் பத்தி எழுதாதீங்க, தயவுசெஞ்சு. விசில், பேப்பர், ஆட்டம், அதெல்லாம் வேணும், நம்ம ஏரியாவுல அது இல்லாம படம் வந்த மாதிரியே இருக்காது. ஆனா அந்தச் சத்தத்துக்கு மேல கேட்கணும்னு ஃபேடரை 7-க்கு மேல ஏத்தி வெச்சிருக்கலாம். அன்னைக்கு நீங்க கேட்டதை இயக்குநர் கணக்குல எழுதக் கூடாது.

---

மிக்ஸிங் மேசை:

மேலே ரெண்டு பேரும் சொன்னதை முடிச்சதுக்கு அப்புறமும் புரியலைன்னா, அப்போ எங்க பக்கம் வாங்க. படத்துலயே குறை இருக்குறது சாதாரணமா நடக்கிறதுதான், அதை மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்லை.

கண்டுபிடிக்க நம்பகமான கருவி வயர் உள்ள ஹெட்போன். ரூமும் இல்லை, ஃபேனும் இல்லை, சப்பும் இல்லை. ஸ்டீரியோ ட்ராக்கை எடுத்து, சந்தேகமான காட்சியை அதுல கேளுங்க. ஹெட்போன்லயும் புரியலைன்னா குறை பெரும்பாலும் ட்ராக்லதான். ஹெட்போன்ல தெளிவா இருந்து தியேட்டர்லயும் தெளிவா இருந்தா, உங்க ரூம்தான் காரணம்.

குறை எந்த வகைன்னு பிரிச்சு எழுதினா அந்தக் கருத்துக்கு மதிப்பு கூடும். தமிழ்ப் படத்துல பெரும்பாலும் குரல் படப்பிடிப்பு முடிஞ்ச பிறகு டப்பிங் அறையில பதிவாகுது. மைக் ஒரு சாண் தூரத்துல, சுத்தி பஞ்சுச் சுவர். காட்சியோ காசிமேடு மீன் ஏலம், காலை 5 மணி, ஐஸ் உடைக்கிற சத்தம், விசைப்படகு எஞ்சின். அந்தக் குரலுக்கு அந்த இடத்தோட காத்தும் தூரமும் கொடுக்கலைன்னா, ஆள் துறைமுகத்துல நிக்கிறார், குரல் மட்டும் காதுக்குள்ள கிசுகிசுக்கும். இது தெளிவாக் கேட்கும், ஆனா நம்ப முடியாது. இதை "டப்பிங் ஒட்டலை"னு எழுதலாம். "புரியலை"ங்கிறது வேற.

புரியாம போறதுக்கு அடிக்கடி காரணம் பின்னணி இசை. நாதஸ்வரம், வயலின், லீட் கிட்டார் எல்லாம் பேச்சோட மெய்யெழுத்து இருக்குற அதே 1,000-லேருந்து 4,000 ஹெர்ட்ஸ்ல வாசிக்கும். வசனம் வர்றப்போ இசையை 3, 4 டெசிபல் இறக்கினா போதும், ஆனா அந்த இசை மேல ஆசைப்பட்டு யாரும் இறக்க விட மாட்டாங்க. இசையமைப்பாளரே அங்கே தாழ்ந்த கருவியை மட்டும் வெச்சு எழுதியிருந்தா இறக்க வேண்டிய தேவையே வராது. நல்ல பின்னணி இசைக்கு என்னோட முதல் அளவுகோல் அதுதான்.

இன்னொரு காரணத்தை வெளியில யாரும் யோசிக்கிறதில்லை. மிக்ஸிங்ல உட்கார்ந்திருக்குற எல்லாரும் அந்த வசனத்தை நூறு தடவை கேட்டவங்க. மனப்பாடமா தெரிஞ்ச வரி எவ்வளவு அமுங்கியிருந்தாலும் மூளை அதை நிரப்பிக்கும். ஸ்கிரிப்ட் தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை கேட்க வெச்சா குறை அங்கேயே தெரிஞ்சுடும். ரிலீஸ் தேதி கழுத்தைப் பிடிக்கிறப்போ முதல்ல விட்டுப்போறது அந்த ஒரு வேலைதான்.

இப்போ வடசென்னைப் பேச்சு. "இன்னாடா இஸ்துகினு வர்றே", "அவன் அங்கதான் கீறான்" மாதிரி வரியில எழுத்து சுருங்கும், சொல்லோட கடைசி அடுத்த சொல்லுக்குள்ள போய்டும். பழகாத காதுக்கு இது வேகமா தெரியும். கேட்கலையா, பழகலையான்னு பிரிக்க இப்படிப் பண்ணச் சொல்லுங்க உங்க மதுரைத் தம்பிங்களை: புரியாத ஒரு நிமிஷத்தைத் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்க்கணும். பின்னாடி போய், சப்டைட்டிலை எடுத்துட்டு அதே நிமிஷத்தை மறுபடி கேட்கணும். இரண்டாவது தடவை ஒவ்வொரு சொல்லும் காதுல விழுந்தா ஒலி சரியா இருக்கு, பேச்சுதான் புதுசு. வரி என்னன்னு தெரிஞ்ச பிறகும் சொல்லோட ஓரம் காதுக்கு எட்டலைன்னா மிக்ஸிங் குறை.

இதுல எனக்கு மனசு வேகுற விஷயம் ஒண்ணு இருக்கு. வெளியூர்க்காரங்களுக்குப் புரியணும்னு நடிகர்கிட்ட நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்றது. "இன்னா", "கண்டி", "நைனா"னு நாலு சொல்லை மட்டும் அழுத்தி வெச்சுட்டு, வாக்கியத்தோட ராகம் வேற ஊரோடதா இருக்கும். ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர்ல வளர்ந்தவங்களுக்கு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சுடும். படம் பார்த்துட்டு எழுதுறப்போ சொல்லை மட்டும் பார்க்காம, கேள்வி கேட்குறப்போ குரல் எங்கே ஏறுது, கோபத்துல எந்த எழுத்து நீளுதுன்னு கவனிச்சு எழுதுங்க. அந்த மாதிரி ரெண்டு வரி எழுதினா அடுத்த படத்துக்கு டப்பிங் பேசுறவங்களுக்கு உதவும்.

---

வியாசை வாசகி:

பெரியவங்களைப் பத்திக் கேட்டதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை. வயசாகுறப்போ முதல்ல குறையுறது உயர்ந்த அலைவரிசைக் கேள்விதான். உயிரெழுத்து தாழ்ந்த இடத்துல இருக்கு, பலமா கேட்கும். 'ச', 'த', 'ப', 'க' மாதிரி மெய்யெழுத்தோட வெடிப்பும் சீறலும் மேலே இருக்கு, அது விழாது. "பாட்டு"வும் "காட்டு"வும் ஒண்ணாக் கேட்கும். அதான் "சத்தம் கேட்குது, பேச்சு புரியலை"ங்கிறாங்க. வால்யூமை ஏத்துறதால பிரயோஜனம் குறைவு, தாழ்ந்த ஒலியும் சேர்ந்து ஏறி இன்னும் மறைக்கும். ஓம்ஸ் லா அண்ணா சொன்ன 2,000 - 4,000 ஹெர்ட்ஸ் ஏத்தத்தை இவங்களுக்காகவே செய்யலாம். அவங்க நாற்காலியை டிவிக்குப் பக்கத்துல இழுத்துப் போடுங்க, தூரம் பாதியானா நேரா வர்ற ஒலி 6 டெசிபல் வரைக்கும் கூடும், எதிரொலி அப்படியேதான் இருக்கும். தமிழ் சப்டைட்டில் இருந்தா போடுங்க. காது மருத்துவரைப் பார்க்கவும் கூட்டிட்டுப் போங்க.

வடசென்னைப் படங்களைப் பத்தி ஒண்ணு. சார்பட்டா பரம்பரை 2021 ஜூலையில நேரா பிரைம் வீடியோவுல வந்தது. அப்போ வந்த கருத்தெல்லாம் டிவியிலயும் போன்லயும் கேட்டதை வெச்சு எழுதினது. மெட்ராஸ் 2014-லயும் வட சென்னை 2018-லயும் தியேட்டருக்கு வந்தவை. மூணையும் பக்கத்துல வெச்சு "இதுல ஒலி நல்லா இருந்துச்சு, அதுல இல்லை"னு பேசுறப்போ எதை எங்கே கேட்டோம்ங்கிறதைச் சொல்லாம பேசினா பயனில்லை. வட சென்னை ரிலீஸ் ஆன பிறகு மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவிச்சதால காட்சி நீக்கமும் நடந்தது. முதல் நாள் பார்த்தவரும் பின்னாடி பார்த்தவரும் பேசுறது ஒரே வடிவத்தைப் பத்தி இல்லை.

டிவி சேனல்ல பார்த்தவங்களுக்கும் ஒரு வித்தியாசம் வரலாம். சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம், நம்ம ஊர் ஒளிபரப்பு முறை 25. அப்படியே ஓட்டினா படம் 4 சதவீதம் வேகமாப் போகும், குரல் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். 150 நிமிஷப் படத்துல 6 நிமிஷம் குறையும். "இந்த நடிகர் குரல் கீச்சுனு இருக்கே"னு எழுதுறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க.

---

கல்மண்டபம்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆடியோவை பி.சி.எம்.க்கு மாத்தி, சப்பை மூலையிலேருந்து எடுத்தாச்சு, வித்தியாசம் நல்லாவே தெரியுது. சுவத்துல ஜமுக்காளம் இன்னும் மாட்டலை. ஒரு சந்தேகம் பாக்கி: ராத்திரியில ப்ளூடூத் ஹெட்போன்ல பார்க்குறப்போ வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கமா போகுது. அதே படத்தை பார்ல பார்த்தா சரியா இருக்கு. டிவியில ஏ.வி. சிங்க்னு ஒண்ணு இருக்கே, அதைத் திருகினா சரியாகுமா?

---

ஓம்ஸ் லா:

ஆகாது. பெரும்பாலான டிவியில இருக்குற அந்த அமைப்பு ஒலியைத் தாமதப்படுத்த மட்டும்தான் செய்யும். ப்ளூடூத்துல ஒலி ஏற்கெனவே பின்தங்கி வருது, நீங்க திருகத் திருக இன்னும் பின்தங்கும். முதல்ல அது 0-ல இருக்கான்னு பாருங்க.

ப்ளூடூத்தோட அடிப்படை ஒலி முறையான எஸ்.பி.சி.யில 150-லேருந்து 250 மில்லி விநாடி வரைக்கும் தாமதம் வரும். 24 ஃப்ரேம் கணக்குல ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 42 மில்லி விநாடி, அப்போ நாலுலேருந்து ஆறு ஃப்ரேம். ஒலி 125 மில்லி விநாடிக்கு மேல பின்தங்கினா பெரும்பாலானவங்களுக்குத் தெரிஞ்சுடும். முன்னாடி வந்தா 45-லயே தெரியும், ஏன்னா இயற்கையில ஒலி பின்னாடிதான் வரும். தியேட்டர்ல 25 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே 73 மில்லி விநாடி பின்தங்கித்தான் கேட்குறோம், யாரும் குறை சொல்றதில்லை.

போன்ல சில ஆப் படத்தையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்தி ஈடுகட்டிடும். டிவியோட ப்ளூடூத் பெரும்பாலும் அதைச் செய்யாது. ஹெட்போன்ல கேம் மோட் இருந்தா போட்டுப் பாருங்க, தாமதம் பாதிக்கு மேல குறையும். அதுவும் இல்லைன்னா டிவியோட ஹெட்போன் துளைக்கு 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போதும். பர்மா பஜார்லயும் கிடைக்கும், ரிச்சி தெருவுலயும் கிடைக்கும். வாங்குறப்போ மூணு வளையம் உள்ள ஜாக் எடுக்காதீங்க, அது மைக் சேர்ந்த போன் ஜாக். சில டிவியில எர்த் சரியாப் படாம, முதல்ல சொன்ன மாதிரி குரலே காணாமப் போய்டும். ரெண்டு கறுப்பு வளையம் உள்ள சாதா ஸ்டீரியோ ஜாக் கேட்டு வாங்குங்க.

---

ரெண்டாவது ஷோ:

தம்பி, அந்த மங்கல் ஸ்கிரீனுக்கு அடுத்த தடவை போறப்போ நடு வரிசையில உட்கார்ந்து புகையிலை எச்சரிக்கையைக் கேட்டுட்டு, இடைவேளையில மேனேஜர்கிட்ட "சென்டர் ஹார்ன் வேலை செய்யுதான்னு பிங்க் நாய்ஸ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இடது, நடு, வலதுன்னு ஒவ்வொண்ணா, எல்லா அலைவரிசையும் கலந்த அந்தச் சோதனை இரைச்சலை ஓட்டினா 5 நிமிஷத்துல தெரிஞ்சுடும். மூணும் ஒரே மாதிரி 'ஷ்ஷ்'னு வரணும். நடுவுல மட்டும் 'ஹூ'னு வந்தா டயாஃப்ரம் மாத்தியே ஆகணும். அது முழு ஸ்பீக்கரை மாத்துற செலவு இல்லை. ஷோ முடிஞ்ச ராத்திரியில ஒரு ஆள் ஏணி போட்டு முடிக்கிற வேலை.